ட்ரேயைக் கவிழ்த்துப் பார்க்கிறவர்

விசாகப்பட்டினம் விமான நிலையத்தில் கோட்டு போட்ட ஒரு பெரிய மனிதருக்குப் பின்னால் என் கூட்டாளி ஓடிய ஓட்டம் இருக்கிறதே, அதை என்னால் மறக்க முடியவில்லை. முடிந்தால் மறந்து தொலைத்திருப்பேன். செக்கிங் முடிந்து வந்தவர் பெல்ட்டைக்கூட மாட்டிக்கொள்ளவில்லை. ஒரு கையால் பேண்ட்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையில் ஒரு இரண்டு ரூபாய் நாணயத்தைத் தூக்கிக் காட்டிக்கொண்டு, "சார்! யோவ் சார்! உன்து சார்!" என்று கத்தியபடி ஓடினார். சுற்றியிருந்த அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள்.

அந்த மனிதர் நின்றார். நாணயத்தைப் பார்த்தார். பரவாயில்லை, நீயே வைத்துக்கொள் என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டு நடக்கப் பார்த்தார். நம் ஆள் விடுவாரா?

"நான் இன்னாத்துக்கு சார் வெச்சுக்கணும்? ட்ரேல உட்டுட்டு வன்ட்ட நீ. புடி. பாக்கெட்ல போடு. போட்டாத்தான் நான் போவேன்."

அவருக்குத் தமிழ் தெரியாது. ஆனால் பாக்கெட்டில் போடுகிறவரை இந்த ஆள் நகர மாட்டான் என்பது எந்த மொழிக்காரருக்கும் புரிந்துவிடும். போட்டுக்கொண்டார். நான் பத்தடி தள்ளி நின்று, இவர் யாரோ நான் யாரோ என்பதுபோல ஒரு விளம்பரப் பலகையை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தேன். அங்கிருந்தே குரல் கொடுத்தார்: "மாமு! என் பெல்ட்டு எங்க கீது?" பெல்ட் என் தோளில் தொங்கிக்கொண்டிருந்தது.

எங்கள் பட்டறை தண்டையார்பேட்டையில், ஒரு கிடங்குக்குப் பின்னால். கப்பல் மேலேயே நிற்கிற கிரேன்களைப் பழுது பார்ப்பது எங்கள் வேலை. கிரேன் படுத்துவிட்டால் சரக்கு இறங்காது, கப்பல் நகராது. எந்தத் துறைமுகத்தில் எது படுத்தாலும் முதலாளி உடனே விமான டிக்கெட் போட்டுவிடுவார். நம் ஆள் ஃபிட்டர், நான் எலக்ட்ரீஷியன். ஆயில் ஓடுகிற இடமெல்லாம் அவருக்கு, கரண்ட் ஓடுகிற இடமெல்லாம் எனக்கு. ஒருவர் இல்லாமல் இன்னொருவர் போய்ப் பிரயோஜனமில்லை. அதனால் மூன்று வருஷம் அந்த மனிதரோடு ஊர் ஊராகப் பறந்தேன். இப்போது நான் வேறு வேலையில் இருக்கிறேன். ஆனாலும் ஏதாவது விமான நிலையத்தில் அந்த சாம்பல் நிற பிளாஸ்டிக் ட்ரேயைப் பார்த்தால் எனக்கு இன்னும் ரத்தக் கொதிப்பு ஏறுகிறது.

பட்டறையில் எல்லோரும் அவரை நைனா என்றுதான் கூப்பிடுவார்கள். நான் வேலைக்குச் சேர்ந்த முதல் நாள், ஐம்பதைத் தாண்டிய மனிதராயிற்றே என்று மரியாதையாக "அண்ணே" என்றேன். "இன்னா அண்ணே நொண்ணே? நைனான்னு கூப்புடு" என்று எரிந்து விழுந்தார். அவருடைய மகன் படிக்கிற காலத்தில் பட்டறை வாசலில் நின்று "நைனா" என்று கூப்பிடுவானாம். அதைக் கேட்டுக் கேட்டு எல்லோருக்கும் அவர் நைனாவாகிவிட்டார் என்று மற்றவர்கள் பிறகு சொன்னார்கள்.

அந்த மகனைத்தான் காணவில்லை. நான் சேர்வதற்குச் சில மாதங்கள் முன்பு அவன் ஒரு சரக்குக் கப்பலில் எஞ்சின் ரூம் வேலைக்குப் போனான். இருபத்திரண்டு வயது. மூன்றாவது மாதம், நடுக்கடலில் ஒரு காலையில் அவன் வேலைக்கு வரவில்லை. கப்பல் முழுக்கத் தேடினார்களாம். திரும்பிப் போய்க் கடலிலும் தேடினார்களாம். ஆள் கிடைக்கவில்லை என்று ஒரு காகிதம் வந்தது. உடம்பும் வரவில்லை, வேறு எந்தத் தகவலும் வரவில்லை.

"காணோம்னுதான எய்தி கீறாங்க? செத்துட்டான்னு எய்தலையே" என்று அவன் அம்மா எல்லோரிடமும் சொல்வார். நான் அவரை அக்கா என்று கூப்பிடுவேன். விம்கோ நகரில் வீடு. நாங்கள் வெளியூர் கிளம்புகிற ஒவ்வொரு முறையும் எனக்கும் சேர்த்து எலுமிச்சம்பழ சோறும் வறுத்த நெத்திலியும் கட்டிக் கொடுத்தனுப்புகிற புண்ணியவதி. அவருடைய நம்பிக்கைக்கு ஒரு காரணம் இருந்தது. மகன் கிளம்பிய அன்று திருவொற்றியூர் அம்மன் கோயிலில் வேண்டிக்கொண்டு, ஒரு ரூபாய் நாணயத்தை மஞ்சளில் நனைத்த துணியில் முடிந்து அவன் சட்டைப் பையில் வைத்திருந்தார். பத்திரமாகத் திரும்பி வந்து அவன் கையாலேயே உண்டியில் போட வேண்டும் என்று வேண்டுதல்.

"முடிச்சு அவன்கிட்ட கீது தம்பி. ஆத்தா கூடவே கீறா. எங்கனா ஒரு ஊர்ல கரை ஏறியிருப்பான். வந்து அவனே போடுவான் பாரு."

இதைச் சொல்லும்போதெல்லாம் நைனா எழுந்து வெளியே போய்விடுவார். பாவம், தாங்க முடியவில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொள்வேன்.

சரி, ட்ரே விஷயத்துக்கு வருகிறேன். வேலைக்குப் போகிற மனிதன் பாக்கெட்டில் நாலு சாமான் இருக்கும், ஒப்புக்கொள்கிறேன். அவர் பாக்கெட்டில் ஒரு சின்னக் கடையே இருக்கும். செப்பு வாஷர், ரப்பர் வளையம், ஒரு காது உடைந்து நூல் கட்டிய மூக்குக் கண்ணாடி, மெட்ரோ கார்டு, சீப்பு, சில்லறை. வரிசையில் நிற்கும்போதே எடுத்துப் பையில் போட்டுக்கொள் என்று தலைபாடாய் அடித்துக்கொள்வேன். கேட்க மாட்டார். ட்ரேயில் முதலில் தன் துண்டை விரிப்பார். அதன் மேல் ஒவ்வொன்றாக எடுத்து வைப்பார். வைக்கும்போது அதன் பெயரைச் சொல்வார். "கண்ணாடி ஒண்ணு. சீப்பு ஒண்ணு. வாஷர் ரெண்டு." பிறகு துண்டின் நாலு முனையையும் சேர்த்து ஒரு முடிச்சுப் போடுவார். பின்னால் நிற்கிறவர்கள் உச்சுக்கொட்டுவார்கள். உச்சுக்கொட்டுவதை நான்தான் கேட்டுக்கொள்ள வேண்டும், அவர் காதில் எதுவும் ஏறாது.

இதாவது பரவாயில்லை. மெஷினுக்கு அந்தப் பக்கம் போனதும்தான் ஆரம்பிக்கும். தன் மூட்டையை எடுத்துக்கொண்டு நகர வேண்டியதுதானே? நகர மாட்டார். காலியான ட்ரேயைக் கவிழ்ப்பார். உள்ளங்கையால் அடியில் இரண்டு தட்டு தட்டுவார். நிமிர்த்தி மூலைகளில் விரலை விட்டுத் தடவுவார். தன் ட்ரே முடிந்ததும் அடுத்தவர் ட்ரே. அதற்கடுத்தவர் ட்ரே. ஜனங்கள் அவசரத்தில் ஷூவை மாட்டிக்கொண்டு, லேப்டாப்பைத் திணித்துக்கொண்டு ஓடுவார்கள். ட்ரேயின் அடியில் ஒரு ரூபாயோ ஐந்து ரூபாயோ பேனா மூடியோ கிடக்கும். அதை எடுத்துக்கொண்டு இவர் துரத்துவார். ஒரு அம்மாவுக்குத் தலைமுடி ரப்பர் பேண்டைக் கொண்டுபோய்க் கொடுத்தார். அந்த அம்மா பயந்துபோய் அலறிவிட்டது.

கொச்சியில் ஒரு தடவை எங்கள் இரண்டு பேரையும் தனியாகக் கூட்டிக்கொண்டு போய்விட்டார்கள். அவர்கள்மேல் தப்பில்லை. ஒரு ஆள் அடுத்தவர்களுடைய ட்ரேக்களைக் கவிழ்த்துக் கவிழ்த்துப் பார்த்தால் யாருக்கும் சந்தேகம் வரத்தான் செய்யும். என்ன தேடுகிறாய் என்று அதிகாரி இந்தியில் கேட்டார். "குச் நஹி சாப், சும்மா" என்று இவர் துறைமுகத்து இந்தியில் சொன்னார். என் பையையும் கொட்டினார்கள். அக்கா கட்டிக் கொடுத்த நெத்திலிப் பொட்டலத்தைப் பிரித்து முகர்ந்து பார்த்தார்கள். செப்பு வாஷரைத் தூக்கிக் காட்டி இது எந்த நாட்டு நாணயம் என்று ஒருவர் கேட்க, ஆயில் பைப் மூட்டில் அது எப்படி உட்காருகிறது என்று இவர் இரண்டு கையாலும் விளக்க ஆரம்பித்துவிட்டார். விளக்கம் பத்து நிமிஷம் ஓடியது. அதிகாரிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எனக்கு அழுகை வந்தது.

"உனக்கு இன்னா கேடு நைனா? எவன் எத்த உட்டுட்டுப் போனா உனக்கின்னா?" என்று விமானத்தில் உட்கார்ந்ததும் கேட்டேன்.

"உட்டுட்டுப் போறாங்களே மாமு" என்றார். அவ்வளவுதான் பதில்.

விமானத்தையே தவறவிட்ட நாள் ஒன்று வந்தது. நம் ஊர் விமான நிலையத்தில்தான். பத்து மணிக்கு விமானம். ஒரு கப்பல் வெளியே நங்கூரம் போட்டுக்கொண்டு எங்களுக்காகக் காத்திருந்தது. முதலாளி காலையிலிருந்து மூன்று முறை போன் செய்துவிட்டார். நைனா விம்கோ நகரில் ஏறிய அதே மெட்ரோவில் நான் தண்டையார்பேட்டையில் ஏறிக்கொண்டேன். வழி முழுக்கச் சொல்லிக்கொண்டே வந்தேன்: "இன்னிக்கு ஒரு நாளு, ஒரே ஒரு நாளு, ட்ரேயத் தொடாத நைனா. உன் கால்ல உயறேன்." சரி சரி என்று தலையாட்டினார்.

செக்கிங் ஒழுங்காக முடிந்தது. மூட்டையை எடுத்தார், தோளில் போட்டார். அடடா, இன்றைக்கு நல்ல நாள் என்று நான் நினைத்த நொடியில், ஊழியர் ஒருவர் காலி ட்ரேக்களை ஆள் உயரத்துக்கு அடுக்கி வண்டியில் தள்ளிக்கொண்டு போனார். அந்த அடுக்கின் நடுவிலிருந்து ஏதோ மஞ்சளாக, விரல் நகம் அளவுக்கு, வெளியே எட்டிப் பார்த்தது.

"ஏய்! நில்லு! நில்லுய்யா!"

பாய்ந்து போய் அடுக்கை நடுவில் பிடித்து இழுத்தார். மொத்தமும் சரிந்தது. அந்தச் சத்தத்துக்கு ஒரு குழந்தை வீறிட்டு அழுதது. நாலு பக்கத்திலிருந்தும் காவலர்கள் ஓடி வந்தார்கள். இவர் தரையில் மண்டியிட்டு ட்ரேக்களைக் கவிழ்த்துக் கவிழ்த்துப் போட்டுக்கொண்டிருந்தார். கடைசியில் அவர் கையில் கிடைத்தது ஒரு மிட்டாய்க் காகிதம். மஞ்சள் நிற மிட்டாய்க் காகிதம்.

ஒரு மணி நேரம் விசாரித்தார்கள். எழுதி வாங்கிக்கொண்டு விட்டார்கள். அதற்குள் விமானம் போய்விட்டது. போனில் முதலாளி பேசிய பேச்சை இங்கே எழுத முடியாது. அத்தனையும் நான் வாங்கிக்கொண்டு, அப்படியே திரும்பி அவர்மேல் கொட்டினேன்.

"அறிவு கீதாய்யா உனக்கு? ஒரு மிட்டாய் காயிதத்துக்கு ஃப்ளைட்ட உட்டுட்டியே! எனக்கு வேல பூடும்யா! உன்கூட வந்து வந்து என் மானமே பூட்ச்சி. சொல்லு, இன்னாத்த தேடற? இன்னிக்கு சொல்லாம உன்ன உட மாட்டேன்."

இரும்பு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். மிட்டாய்க் காகிதம் இன்னும் கையில் இருந்தது. அதை மடித்து மடித்துச் சின்னதாக்கிக்கொண்டே சொன்னார்.

"முடிச்சு அவன்கிட்ட இல்ல மாமு."

எனக்கு முதலில் விளங்கவில்லை.

"அவ குட்த்த முடிச்சு. அவன்கிட்ட இல்ல. இங்கயே, இந்த செக்கிங்லயே உட்டுட்டான். பாக்கெட்ல கீறதெல்லாம் எடுன்னு சொல்லிகீறாங்க, மொத தபா ஏர்றவன், பதறிப் பூட்டான். பெல்ட்டு, ஷூ, போனு எல்லாம் எட்துகினான். முடிச்சு அடில கெடந்துகீது, பாக்கல. உள்ள போய்ட்டு எனக்கு போன் போட்டான். 'நைனா, அம்மா குட்த்தத ட்ரேல உட்டுட்டேன், திரும்பிப் போவ உட மாட்றாங்க, அம்மாகிட்ட சொல்லிடாத'ன்னான். நாங்க வெளிய கண்ணாடிகிட்ட நின்னுகினு கீறோம். அவ என் பக்கத்துலயே கீறா. இன்னாவாம்னு கேக்கறா."

"நீ இன்னா சொன்ன?"

"அவகிட்ட, ஒண்ணுமில்ல, உள்ள பூட்டானாம்னேன்." காகிதத்தை இன்னொரு மடிப்பு மடித்தார். "அவன்கிட்ட, வுடுடா, ஒரு ரூபாதானன்னேன்."

பிறகு மனைவியை வீட்டுக்கு அனுப்பிவிட்டுத் திரும்பி வந்து வாசலில் கேட்டிருக்கிறார். டிக்கெட் இல்லாதவரை உள்ளே எப்படி விடுவார்கள்? தொலைந்த பொருளுக்கு எழுதிக் கொடுத்திருக்கிறார். கிடைக்கவில்லை. மூன்று மாதம் கழித்து, ஆள் கிடைக்கவில்லை என்ற அந்தக் காகிதம் வந்தது.

"அவ அந்த முடிச்ச நம்பிகினுதான் உசுரோட கீறா மாமு. அது அவன்கிட்ட இல்லன்னு நான் எந்த வாயால சொல்லுவேன்? கெடைச்சா நானே போய் அவனுக்காவ உண்டியில போட்டுடுவேன். ஆத்தாகிட்ட கணக்கு தீந்துடும். அப்பால அவன் வந்துடுவான்னு ஒரு இது."

இதைக் கேட்டதும் எனக்கு அவரைக் கட்டிக்கொள்ளத் தோன்றியிருக்க வேண்டும். தோன்றவில்லை. இன்னும் கோபம்தான் வந்தது. இத்தனை நாள் சொல்லாமல் என்னை ஊர் சிரிக்க வைத்தாரே என்று கோபம். இப்போது சொல்லி, அக்கா முகத்தில் விழிக்க முடியாமல் செய்துவிட்டாரே என்று அதைவிடக் கோபம். அக்கா கட்டிக் கொடுத்த சோற்றை அன்று என்னால் சாப்பிட முடியவில்லை.

காரணம் தெரிந்துவிட்டால் எரிச்சல் போய்விடும் என்று நினைக்கிறவர்கள் அவரோடு ஒரு முறை பயணம் செய்து பார்க்க வேண்டும். எனக்குப் போகவில்லை. இன்னும் ஒரு வேலை கூடியதுதான் மிச்சம். ஒவ்வொரு முறையும் நம் ஊர் விமான நிலையத்தில் தொலைந்த பொருள்கள் வைத்திருக்கும் இடத்துக்கு என்னை இழுத்துக்கொண்டு போவார். நான்தான் ஆங்கிலத்தில் கேட்க வேண்டும். மஞ்சள் துணி, உள்ளே ஒரு ரூபாய். எப்போது தொலைந்தது என்று கேட்பார்கள். சொன்னால் என் முகத்தையே பார்ப்பார்கள். அத்தனை நாள் யாரும் எதையும் வைத்திருப்பதில்லை சார் என்று அங்கே உட்கார்ந்திருக்கும் பெண் பொறுமையாகச் சொல்லும். அந்தப் பெண்ணுக்குக் கோயில் கட்ட வேண்டும். அடுத்த முறையும் போவோம்.

"உன் புள்ள உட்டது மெட்ராஸ்ல. நீ கொச்சில ட்ரேய பொரட்டினு கீற. எப்டி நைனா கெடைக்கும்?" என்று ஒருநாள் கத்தினேன்.

"ட்ரே எல்லாம் ஒண்ணு மாரிதான கீது மாமு" என்றார்.

மகன் காணாமல் போய் இரண்டு வருஷத்துக்குமேல் ஆனபிறகு, ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் அவரிடமிருந்து போன் வந்தது. "மாமு, வூட்டுக்கு வா. அவன் பை வன்ட்ச்சி. லிஸ்டு இங்கிலீசுல எய்திகீது. நீ வந்து படி."

போனேன். கூடத்தில் ஒரு நீலப் பை இருந்தது. கப்பலில் அவன் அறையில் இருந்த சாமான்கள், எங்கெங்கோ சுற்றி அன்றைக்குத்தான் வந்து சேர்ந்திருந்தன. கொண்டுவந்த ஆள் கையெழுத்து வாங்கிக்கொண்டு போய்விட்டார். அக்கா பையின் எதிரில் உட்கார்ந்திருந்தார். நைனா சுவரோரமாக உட்கார்ந்திருந்தார்.

நான் பட்டியலை ஒவ்வொன்றாகப் படித்துத் தமிழில் சொன்னேன். அக்கா ஒவ்வொன்றாக வெளியே எடுத்தார். சட்டை நாலு. எடுத்தார், முகர்ந்தார், பிறகு சட்டைப் பையை வெளியே இழுத்துக் கவிழ்த்து உள்ளங்கையால் இரண்டு தட்டு தட்டினார். பேண்ட் மூன்று. அதேபோல ஒவ்வொரு பாக்கெட்டையும் வெளியே இழுத்து, தட்டி, மூலையில் விரலை விட்டுத் தடவினார். ஷூவைத் தலைகீழாகக் கொட்டினார். சீப்பு, சோப்பு டப்பா, சார்ஜர். கடைசியில் ஒரு பிளாஸ்டிக் கவரில் வெளிநாட்டுச் சில்லறை. அதைத் தரையில் கொட்டி ஒவ்வொன்றாக விரலால் தள்ளித் தள்ளிப் பார்த்தார்.

"இதுல இல்ல" என்றார்.

நான் பட்டியலிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

"இதுல இல்ல தம்பி! முடிச்சு இதுல இல்ல!" குரல் மாறியிருந்தது. நிமிர்ந்து பார்த்தேன். முகமெல்லாம் சிரிப்பு. கண்ணில் தண்ணீர் வழிகிறது, ஆனால் சிரிக்கிறார். "துணி கீது, செருப்பு கீது, எல்லாம் கீது, அது மட்டும் இல்ல. அப்போ அவன் எட்துகினுதான போயிருக்கான்? அவன் மேலதான கீது? நீ சொல்லு தம்பி, நீ படிச்சவன். இல்லாங்காட்டி அது இதுல இர்ந்திருக்கணும்ல?"

நைனாவைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. தரையில் கிடந்த சீப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு அவர்மேல் வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. இதற்காகவா மனுஷா என்னைக் கூப்பிட்டாய்? அந்தப் பொய்யை நீயே சொல்லித் தொலைத்திருக்கக் கூடாதா?

"ஆமாக்கா. அவன்கிட்டதான் இருக்கும்" என்றேன்.

அக்கா எழுந்து போய் அம்மன் படத்துக்கு முன்னால் விளக்கேற்றினார். பிறகு எனக்கு டீ போட்டுக் கொடுத்தார். குடித்தேன்.

மெட்ரோ ஸ்டேஷன்வரை நைனா கூடவே வந்தார். படிக்கட்டுக்குக் கீழே நின்று சொன்னார்: "இத்தினி நாளா அது கெடைக்கணும் கெடைக்கணும்னு தேடிகினு இர்ந்தேன். இனிமே அது கெடைச்சிடவே கூடாது மாமு. கெடைச்சா வூட்டுக்கு எட்துனு போவணும். எட்துனு போனா அவ அன்னிக்கே பூடுவா."

"உண்டியில போட்டுட்டு சொல்லாம இர்ந்துடேன்" என்றேன்.

"அதுக்கப்பறமும் அவன் வர்லன்னா?" என்றார்.

அடுத்த பயணம் மூன்று வாரம் கழித்து வந்தது. மறுபடியும் விசாகப்பட்டினம். நம் ஊர் விமான நிலையத்தில் தொலைந்த பொருள்கள் இருக்கும் இடத்தைக் கடந்து போனோம். அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அந்தப் பெண் எங்களைப் பார்த்துவிட்டு எழுந்து நின்றது, பிறகு உட்கார்ந்துகொண்டது. செக்கிங்கில் துண்டை விரிக்கவில்லை, பெயர் சொல்லவில்லை. பாக்கெட்டில் இருந்ததை இரண்டு கையாலும் அள்ளி ட்ரேயில் போட்டார். பின்னால் யாரும் உச்சுக்கொட்டவில்லை. அந்தப் பக்கம் போய் அள்ளி எடுத்துப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டார். ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. இத்தனை வருஷமாக நான் தொண்டை கிழியக் கத்திக் கேட்டது இதைத்தான். கிடைத்தபோது நான் பெல்ட்டை மாட்டாமல் அவரையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

எங்களுக்கு முன்னால் போன ஓர் இளைஞன் தன் ட்ரேயை அப்படியே விட்டுவிட்டு நடந்திருந்தான். அதன் மூலையில் ஒரு ரூபாய் நாணயம் கிடந்தது. நைனாவும் பார்த்தார். எனக்கு நன்றாகத் தெரியும், பார்த்தார். அவர் எடுப்பார், துரத்துவார், யோவ் சார் என்று கத்துவார், நான் விளம்பரப் பலகையைப் பார்க்கப் போய்விடலாம் என்று நின்றேன்.

"நைனா, ட்ரேல கீது பாரு" என்றேன்.

"வுடு மாமு. ஒரு ரூபாதான" என்றார். பையைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தார்.

சனியனே என்று அவரைத் திட்டினேன். அந்த இளைஞனைத் திட்டினேன். என் தலையெழுத்தையும் திட்டிக்கொண்டேன். பிறகு நாணயத்தை எடுத்துக்கொண்டு, பெல்ட்கூட மாட்டாமல், ஒரு கையால் பேண்ட்டைப் பிடித்துக்கொண்டு ஓடினேன். "தம்பி! யோவ் தம்பி! உன்து!" எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அவன் காதிலிருந்ததைக் கழற்றிவிட்டு, பரவாயில்லை, நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்றான்.

"பாக்கெட்ல போடு" என்றேன். அவன் போடும்வரை நான் நகரவில்லை.